ஆறாவது முட்டை

அசந்தே மாம்போங்,
சனிக்கிழமை காலை, கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகு.

மகள் யா போட்டெமாவுக்கு உன் அம்மா எழுதுவது,

கர்த்தருடைய இரக்கத்தால் நாங்கள் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உன் வீட்டுக்காரர் ஓபிரியும் அந்தப் பனிக்கட்டி ஊரில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை ஜெபிக்கிறேன், ஆனால் நலமா என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் பதில் சொல்லுகிற பிள்ளையிடம் கேட்கலாம். முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய நீல அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை, அதாவது அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை, நேற்று வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு முடித்தேன். அப்போது நம் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில், உன் அப்பா, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, உன் அத்தை அஃப்ராமா, ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கையோடு, வெள்ளிதோறும் நம் வீட்டில் சாப்பிட வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஓடூம். வேறு ஒருவரும் இல்லை. முழுவதும் படித்தேனா என்று சந்தேகம் இருந்தால் இந்த மூன்று பேரையும் போனில் கூப்பிட்டு விசாரித்துக்கொள், என்னோடுதானே பேசமாட்டாய்.

எட்டு மாதம், யா. ஜனவரியில் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாய், பெண் பிள்ளை, வாரம் முடியும் முன்னே போய்விட்டது என்றாய், நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டது முப்பத்தேழு தடவை, நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஓபிரி இரண்டு தடவை எடுத்து, “அவ தூங்கறா அத்தை” என்றார், உன் நாட்டு நேரம் மத்தியானம் இரண்டு மணி, என் மருமகனுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அதற்காகவாவது அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏப்ரலில் ஒரு பார்சல் வந்தது. சாக்லேட்டோ சட்டைத் துணியோ என்று அஃப்ராமா கத்தியோடு ஓடி வந்தாள். பார்த்தால் செங்கல் மாதிரி ஒரு கதைப் புத்தகம், முதல் பக்கத்தில் பென்சிலால் உன் கையெழுத்து: அம்மா, நான் சொன்னால் உனக்குப் புரியாது, இதைக் கடைசிவரை படி, முடித்த பிறகு எழுது, அதுவரை போன் வேண்டாம்.

பெற்ற தாய்க்குப் பரீட்சை வைக்கிற பிள்ளையை இந்த ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா? எனக்குப் புரியாது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான், பால் டின்னில் இருந்த எழுத்தையும் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இருந்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நானாகவே இங்கிலீஷ் கற்றேன், உங்கள் மூன்று பேரின் பரீட்சைத் தாளையும் உட்கார்ந்து வாசித்துக் கேள்வி கேட்டவள் நான், வேதத்தில் யார் யாரைப் பெற்றான் என்று வரிசையாக வருகிற அதிகாரங்களைக்கூட ஒரு பெயர் விடாமல் ஏழு தடவை படித்தவள். உன் பென்சில் வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் எதற்குத்தான் வாயைத் திறப்பார்.

அன்றைக்குப் போனில் நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அழாதே என்றேன். வெள்ளை உடுத்து என்றேன். நிலக்கடலைக் குழம்பு வைத்து நீயும் அவரும் சாப்பிடுங்கள், எட்டாம் நாள் வரவில்லை, பெயர் வைக்கவில்லை, அது இன்னும் நம் வீட்டு ஆளே இல்லை, வழி தவறி எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒன்று, அதற்காக அழுதால் அடுத்ததும் அப்படியே வரும் என்றேன். நம்மவர்கள் எல்லாத் தாய்க்கும் சொல்லுவது அது, நானாகக் கட்டிச் சொன்னதில்லை. அதற்கு நீ என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், அதை விட்டுவிட்டு டக்கென்று போனை வைத்தாய். சண்டை போடக்கூடத் தகுதி இல்லாதவளா நான்?

சரி, படிக்கச் சொன்னாய், படித்தேன். ஞாயிறு தவிர நாளைக்கு நாலு பக்கம், காய்கறி நறுக்கி அடுப்பில் ஏற்றிய பிறகு, கொதிக்கிற நேரத்தில். லாரி நிலையத்தில் பழைய அகராதி ஒன்று வாங்கினேன், அதில் எஸ் எழுத்தில் பாதி இல்லை. முதல் வாரமே இந்தப் புத்தகத்தை எழுதிய அம்மாள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தத் தாளில் எழுதுவது. ஆற்றங்கரையில் ஒரு குளிர் ஊர், துணி வெளுத்துத் தேய்க்கிற ஹெட்விக் என்று ஒரு பெண்பிள்ளை, அவள் புருஷன் பெயர் யோஹான், மாமனார் பெயரும் யோஹான், பிள்ளை பெயரும் யோஹான், அந்த நாட்டில் வேறு பெயருக்குப் பஞ்சமா? யார் பேசுகிறார்கள் என்று காட்ட மேற்கோள் குறி கிடையாது. முதல் அத்தியாயத்தில் அவள் கிழவி, இரண்டாவதில் ஒன்பது வயது, மூன்றாவதில் மறுபடி பல் போய்விட்டது. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தொடங்கி அறுபத்து நாலாம் பக்கத்தில்தான் முற்றுப்புள்ளி வைக்கிறாள், அன்றைய என் பங்கு மொத்தமும் ஒரே வாக்கியம், நான் மூச்சு விட்டுப் பார்ப்பதற்குள் கீரை அடிப்பிடித்துவிட்டது. கோழிகளுக்குப் போடுவதுபோல நோட்டில் கட்டம் போட்டு எந்த யோஹான் எந்த வருஷம் பிறந்தான் என்று எழுதி வைத்த பிறகுதான் ஒருவனை ஒருவனிலிருந்து பிரிக்க முடிந்தது.

வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இது ரொம்ப உயர்ந்த புத்தகம் டுஃபி அம்மா, நான் வேலையில இருந்தப்பவே படிச்சுட்டேன், நீங்க ஏன் கஷ்டப்படறீங்க, நடுவுல தாண்டிட்டு நேரா கடைசி அத்தியாயத்துக்குப் போங்க, சாரம் அங்கதான் இருக்கு” என்றார். கணக்கு எழுதுகிறவள் மொத்தத்திலிருந்தா தொடங்குவாள்? கூட்டாமல் எழுதின மொத்தம் யாருக்கு வேண்டும் என்று கேட்டேன், ரேடியோ பக்கம் திரும்பிக்கொண்டார். போதகர் மனைவி வேறு, மாதர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “சகோதரி டுஃபிக்கு இப்போ உலகத்துக் கதை எல்லாம் தேவைப்படுது போல” என்றார். என் மகள் கொடுத்த வேலை, முடிக்காமல் போனால் அதுதான் பாவம் என்று நான் சொன்னேன். உனக்காக அங்கே நின்று பேசினேன், உன் மேல் கோபத்தோடுதான் பேசினேன், இரண்டும் சேர்ந்தே இருந்தது.

அஃப்ராமாவைச் சொல்லவே வேண்டாம். “அண்ணி, உங்க பொண்ணு உங்களைத் தண்டிக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கா, எங்க மாமியாருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்க” என்று தினமும் சிரிப்பாள். அடுப்பு பற்றாத நாளில் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். ஆனால் நான் வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும் என்று உனக்குத் தெரியும், ஒரு வரி இங்கிலீஷில் படித்து ஒரு வரி நம் பேச்சில் சொல்லிப் பார்ப்பேன், மாதம் இரண்டு ஆனதும் உலக்கை மெதுவாக விழத் தொடங்கியது. மழைக்காக ஒரு நாள் அவள் வரவில்லை, மறுநாள் வந்ததும் வராததுமாக, “நேத்து அந்த நடு யோஹான் வேலையை விட்டானா இல்லையா” என்று கேட்டாள். உன் அப்பாவும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருந்தார். செய்தி கேட்கிற பாவனைதான், எனக்குத் தெரியாதா.

இனி முட்டை விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தேழாம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, ஹெட்விக் முட்டை வேகவைக்கிறாள், ஆறு. அந்த வீட்டில் இருப்பது ஐந்து பேர்: அவள், மூன்று யோஹான், ஒரு பெண் பிள்ளை. கோழி வளர்க்கிறவள் கண்ணுக்கு இது தப்புமா? அச்சுப் பிழை என்று விட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், தட்டுக் கழுவுகிறாள், ஆறு ஓடு குப்பைக்குப் போகிறது. இருநூற்று ஒன்பது, கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கிறாள், ஆறு. முந்நூற்று நாற்பதில் கிழட்டு யோஹான் செத்துப்போகிறான், ஆளுக்கு ஒன்று என்றால் இனி நாலு, எண்ணத் தெரியாதவள் என்றால் பழையபடி ஆறு இருக்க வேண்டும் இல்லையா, அடுத்த ஞாயிறு இவள் ஐந்து வேகவைக்கிறாள். அப்போதும் ஒன்று அதிகம். ஆள் குறைந்தால் எண்ணும் சரியாகக் குறைகிறது, ஆனால் அந்த ஒன்று மட்டும் கூடவே வருகிறது. என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இதையே எழுதி வைத்தேன், மேலே தலைப்பு, எழுதியவளுக்கு எண்ணத் தெரியவில்லை. வாத்தியாரிடம் காட்டினேன், அவர் சிரித்துவிட்டார், “இலக்கியத்துல போய் முட்டைக் கணக்குப் பார்ப்பாங்களாம்மா, அது எல்லாம் குறியீடு” என்றார். என்ன குறியீடு என்றேன். “பல மாதிரி எடுத்துக்கலாம்” என்றார். முட்டையைப் பல மாதிரி எடுத்துக்கொள்ள முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் புத்தகத்தை விறகுக் கூடையில் எறிந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முந்நூற்று எழுபத்தைந்தாம் பக்கம், நாலு நாளாக மழை, குஞ்சுகளில் பதினோரு குஞ்சு கழிச்சல் வந்து செத்துக் கிடந்தன, உன் தம்பி க்வாமே குமாசியிலிருந்து பரீட்சை சரியாக எழுதவில்லை என்று சொல்லியனுப்பினான், இங்கே ஹெட்விக் பதினாறு பக்கமாக ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டு இருக்கிறாள், வேறு ஒன்றும் நடக்கவில்லை, இவளுடைய விரிப்பை நான் ஏன் மடிக்க வேண்டும் என்று எறிந்தேன். இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் நானே எடுத்துத் துடைத்தேன். அன்பினால் எடுத்தேன் என்று நினைக்காதே, அம்மாவால் முடியவில்லை பார்த்தாயா என்று நீ அந்தக் குளிர் ஊரில் ஓபிரியிடம் சொல்லுவாய் என்று தோன்றியது, அந்த ஆத்திரத்தில் எடுத்தேன். இன்னொன்றும் உண்டு. அந்த முட்டையை யார் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கணக்கு இடிக்கிற இடத்தில் நோட்டை மூடிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று நாலு பக்கத்தோடு நிறுத்த முடியவில்லை. வீட்டில் இப்போது இருப்பது ஹெட்விக்கும் அவள் புருஷனும் மட்டும், அவன் படுக்கையில், பிழைக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை, அவள் மூன்று முட்டை போடுகிறாள். அறுநூற்று எட்டாம் பக்கம். முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்காததை அவன் அப்போதும் கேட்கவில்லை, சொல்லுகிறான். அது யாருடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும், தட்டில் தொடாமல் கிடந்தால் நீ ஒரு நாள் எண்ணுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்துதான் ஒவ்வொரு வாரமும் நான் சாப்பிட்டேன் என்கிறான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, இரண்டு நாள் இருந்தான் என்கிறாள். அவ்வளவுதான். நான் இதை இங்கிலீஷில் ஒரு தடவை படித்தேன், நம் பேச்சில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மறுபடி படித்து மெதுவாகச் சொன்னேன். மீதி நாலு பக்கத்தையும் நிறுத்தாமல் படித்து முடித்தேன், அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

உலக்கை நின்றுவிட்டது. முதலில் பேசியவர் வாத்தியார்தான், “அப்போ ஆறுங்கறது பிழை இல்லையா” என்றார். அஃப்ராமா அவரை விடவில்லை, “ஏன் வாத்தியாரே, நீங்க வேலையில இருந்தப்ப படிச்ச புத்தகத்துல முட்டையே இல்லையா” என்றாள். மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்போது உன் அப்பா ரேடியோவை அணைத்தார். செய்தி முடியும் முன்னே அணைத்தார், அதை நான் என் கல்யாணத்திலிருந்து பார்த்ததில்லை. அணைத்துவிட்டு, “புதன்கிழமை” என்றார். அஃப்ராமா, “என்ன புதன்கிழமை அண்ணா, இன்னிக்கு வெள்ளி” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எந்தப் புதன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை உனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை, உன் அண்ணனுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. உங்களுக்கெல்லாம் முன்னே எனக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தான், எனக்கு இருபத்தொரு வயது. ஆறு நாள் இருந்தான். வலது காது நுனி கொஞ்சம் மடிந்திருக்கும். ஏழாம் நாள் காலை என் பெரியம்மா அமா செர்வா அவனை ஒரு மண் பாத்திரத்தில் கொண்டுபோனாள், எங்கே என்று கேட்க விடவில்லை. திரும்பி வந்து எனக்கு வெள்ளை உடுத்தினாள், தோளில் வெள்ளைக் களிமண் தடவினாள். “சிரிடி, அது மனுஷப் பிள்ளை இல்லே, நீ அழறதைப் பாத்தா அதுக்குக் கொண்டாட்டம், திரும்பத் திரும்ப வந்து உன்னைக் கேலி பண்ணும்” என்றாள். நிலக்கடலைக் குழம்பு வைத்து எனக்கும் உன் அப்பாவுக்கும் எதிரெதிரே உட்காரவைத்துக் கொடுத்தாள், பால் கட்டி என் ரவிக்கை நனைந்திருந்தது, நான் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். யா, சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அழவில்லை, ஒரு தடவைகூட, அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதே குழம்பைத்தான் உன்னைச் சாப்பிடச் சொன்னேன்.

அஃப்ராமா அப்போது எட்டு வயதுப் பிள்ளை. நேற்று உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், “அண்ணி, அன்னிக்கு நீங்க வெள்ளை உடுத்தியிருந்ததைப் பாத்து மறுபடி கல்யாணம்னு நெனச்சு நான் ஆடினேன்” என்றாள். அவள் ஆடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவளே சொன்னாள், “எங்க வீட்டுல நிலக்கடலைக் குழம்பு வச்சா அண்ணன் கை கழுவிட்டு எழுந்து போயிடுவாரே, நான் சமைக்கிறது பிடிக்கலைன்னு எத்தனை வருஷம் அழுதிருக்கேன்” என்றாள். என்னிடமும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லியிருந்தார், நானும் நம்பி நாற்பத்தொரு வருஷம் பனங்கொட்டைக் குழம்பும் கீரையுமாக வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வாங்குகிற ஒவ்வொரு சாமானையும் எழுதி வைக்கிறவள் நான், இதை மட்டும் பார்க்கவில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒரு கிழமையின் பெயரைச் சொல்ல வாய் வராத மனுஷனை என்ன செய்வது? ஆனால் நேற்று அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை, வாத்தியார்கூட ஃபுஃபுவைத் தொடாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார், அவர் வாழ்நாளில் இது முதல் தடவையாக இருக்கும்.

அழுதேனா என்று கேட்பாய். அழுதேன். கோபமாக அழுதேன், பெரியம்மாமேல், என்மேல், அந்தக் குழம்புமேல். வேதத்தில் லேவியரை எண்ணுகிற இடத்திலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் எண்ணினார்கள், ஏழு தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதைப் பற்றி நேற்று முழங்காலில் நின்று கர்த்தரிடமே கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. விடப்போவதில்லை, நாளைக்குச் சபையிலும் கேட்பேன், மனசுக்குள்தான்.

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து என் முதல் நோட்டை எடுத்தேன். அப்போது எனக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்து வராது, தக்காளிக்கு வட்டம் போடுவேன், மீனுக்கு மீன் வரைவேன். அந்த வாரம் முழுக்க ஒன்றும் இல்லை, வெறும் தாள். ஏழாம் நாள் ஒரு நிலக்கடலை வரைந்து பக்கத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறேன். பிள்ளையை எழுதவில்லை, கடலையை எழுதியிருக்கிறேன். நேற்று அதற்குப் பக்கத்தில் பேனாவால் க்வாகு என்று எழுதினேன். எட்டாம் நாள் வைப்பது அப்பன் வைக்கிற பெயர், அது அவனுக்குக் கிடைக்கவில்லை, சரி. ஆனால் கிழமைப் பெயரை யாரும் வைப்பதில்லையே, பிள்ளை அதோடுதான் வருகிறது, வியாழன் வந்ததால் நீ யா, வெள்ளி வந்ததால் நான் அஃபுவா, புதன் வந்தவன் க்வாகு, அதைக் கொடுக்கவும் எட்டு நாள் வேண்டாம், எடுக்கவும் ஒரு பெரியம்மாவால் முடியாது. உன் அப்பா மனதுக்குள் அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

இப்போது உனக்கு. நான் போனில் சொன்னது தப்பு. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் நீ செய்ததும் தப்பு, எட்டு மாதம் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாய், எனக்குப் புரியாது என்று எழுதினாய், அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, நீ இங்கே வரும்போது நேரில் வைத்துக்கொள்கிறேன். அறுநூற்று எட்டாம் பக்கம் நான் போகும் முன்னமே அலை அலையாக உப்பிக் காய்ந்திருந்தது. குளிர் நாட்டில் தாள் அப்படி ஆகுமா என்று வாத்தியாரைக் கேட்டேன், ஆகாதும்மா என்றார், இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி என்று நினைக்கிறேன். அங்கே தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தாயா? ஓபிரி பக்கத்தில் இருந்தாரா? அவரையும் கேள், ஆண்பிள்ளைகள் சொல்லாமல் எதையாவது சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள், சாப்பிடாமலும் இருப்பார்கள், இரண்டையும் கவனி.

காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வெளியே போ. ஞாயிறு சபைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலிருந்தே கர்த்தரோடு சண்டை போடு, பேசாமல் இருப்பதைவிட அது மேல். க்வாமே பரீட்சை மறுபடி எழுதுகிறான், அவனுக்கு நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். குஞ்சுகள் இருபத்து மூன்று தேறிவிட்டன. புத்தகத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன், திங்கள்கிழமை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று அஃப்ராமா பிடிவாதம் பிடிக்கிறாள், உன் அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதியவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டேன், கீழே உள்ள கணக்கை அப்படியே வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் ஓபிரியையும் தம்முடைய கையில் வைத்திருப்பாராக, உங்கள் கதவைக் காப்பாராக, உன் உடம்பையும் உன் தூக்கத்தையும் உனக்குத் திருப்பிக் கொடுப்பாராக. ஒன்றே ஒன்று மீதி இருக்கிறது. நோட்டில் க்வாகுவுக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், பெண் பிள்ளை என்று மட்டும் எழுத எனக்கு இஷ்டமில்லை. அன்றைக்குப் போனில் அத்தனை பேச்சுப் பேசியவள் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. என் பேத்தி எந்தக் கிழமை பிறந்தாள்? சீக்கிரம் பதில் எழுது.

நான்கு பிள்ளைகளைப் பெற்ற உன் அம்மா,
அஃபுவா டுஃபி